கிராணி மேசையா, ஆயாக் கொட்டகையா?

எஸ்.பி.எம். முடிவுகள் வந்த கையோடு கல்லூரிக்காரர்கள் ஊர் ஊராகக் கூடாரம் போட்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். பதினேழு, பதினெட்டு வயதுப் பிள்ளைகளுக்காகப் போட்ட கூடாரம் அது. ஆனால் கொஞ்சம் தள்ளி நின்று கவனித்தால் இன்னொரு கூட்டமும் தெரியும். முப்பது, முப்பத்தைந்து, நாற்பது வயதுக்காரர்கள். பிள்ளைக்காக விசாரிப்பது போல வந்து, கடைசியில் குரலைத் தாழ்த்தி, "எனக்கு ஏதாவது இருக்குமா?" என்று கேட்பவர்கள். தொழிற்சாலையில் பத்து வருடம் நின்று கால் வீங்கிப் போனவர்கள். கணவனை இழந்த பெண்கள். கடைசிப் பிள்ளையும் பள்ளிக்குப் போய்விட்டதால் பகலில் கொஞ்சம் நேரம் கிடைத்தவர்கள்.

இவர்கள் எல்லோருக்கும் ஒரே குழப்பம்தான். கணக்கு, நிர்வாகம் என்று மேசை வேலைக்குப் படிப்பதா? அல்லது தாதி, பாலர்பள்ளி ஆசிரியை, முதியோர் பராமரிப்பு, சமூகநலம் என்று மனிதர்களைப் பார்க்கும் வேலைக்குப் படிப்பதா? வீட்டில் கேட்டால் "குளுகுளு அறையில் உட்கார்ந்து செய்யும் வேலையைப் பார்" என்பார்கள். கோயிலில் கேட்டால் "சேவை செய், புண்ணியம்" என்பார்கள். இந்த இரண்டு பதிலுமே நம் மக்களுக்குப் பெரிய நன்மை செய்ததில்லை என்பதுதான் என் கருத்து. ஏன் என்று சொல்கிறேன்.

கேரி தீவை எடுத்துக்கொள்வோம். இ. வி. கேரி என்ற வெள்ளைக்காரத் துரையின் பெயரைத் தாங்கி நிற்கும் தீவு. அதற்கு முன்பே மா மெரி பூர்வகுடியினர் வாழ்ந்த மண். ரப்பர் வந்தது, பிறகு செம்பனை வந்தது, கூடவே நம் பாட்டன் பாட்டிகளும் வந்தார்கள். அந்தக் காலத் தோட்டத்தின் அமைப்பைப் பார்த்தாலே யாருக்கு என்ன மதிப்பு என்று புரிந்துவிடும். துரைக்கு பங்களா. கிராணிமாருக்குத் தனி வீடு, ஆபீஸ், மின்விசிறி, வெள்ளைச் சட்டை. டிரெசர் ஐயாவுக்கு மருந்தகமும் அதை ஒட்டிய வீடும். மற்றவர்களுக்கு லயம். லயத்துக்குப் பக்கத்தில் ஆயாக் கொட்டகை. விடியுமுன் பெரட்டுக்குப் போகும் தாய்மார்கள் தூங்கும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டுவந்து அங்கே விட்டுவிட்டுப் போவார்கள்.

மழை பெய்தால் மரம் வெட்டுபவருக்குக் கூலி இல்லை. கிராணிக்கு மழையிலும் சம்பளம் உண்டு. "நல்லாப் படிச்சு கிராணியா வா" என்று நம் பெற்றோர் சொன்னதற்கு அர்த்தம் இதுதான். பேனா மேல் அவர்களுக்குத் தனிப் பாசம் ஒன்றும் இருந்ததில்லை. மழைநாள் சம்பளத்தின் மேல்தான் ஆசை.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். டிரெசரும் மேசைக்காரர் இல்லை. புண்ணைக் கழுவினார், மருந்து கொடுத்தார், நள்ளிரவில் கதவைத் தட்டினால் எழுந்து வந்தார். இருந்தும் கிராணிக்குச் சமமாக "சிப்பந்தி" என்ற தட்டில் வைக்கப்பட்டார். மாதச் சம்பளம் வாங்கினார். சிப்பந்திகளுக்கான தொழிற்சங்கம் அவருக்காகவும் பேசியது. 1965-ல் தோட்ட மருத்துவமனை உதவியாளர்களைப் பதிவு செய்யத் தனிச் சட்டமே வந்தது. அதே தோட்டத்தில், அவரைவிடக் கூடுதல் நேரம், அவரைவிடக் கூடுதல் உயிர்களைப் பார்த்துக்கொண்ட ஆயாவுக்கு என்ன கிடைத்தது? நாள்கூலி. அவருக்குப் பதிவேடு இல்லை, சான்றிதழ் இல்லை. பெரும்பாலும் வெளிவேலைக்கு முடியாமல் போன வயதான அம்மாவையோ, பிள்ளைத்தாய்ச்சியையோதான் அங்கே உட்கார வைத்தார்கள்.

பள்ளிக்கூடத்திலும் இதே கதைதான். 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டம் பள்ளி நடத்த வேண்டும் என்றது. பள்ளி வந்தது. ஆனால் பயிற்சி பெற்ற வாத்தியார் வந்தாரா? கங்காணியும் கிராணியும் வேலை நேரம் போக மீதி நேரத்தில் பாடம் சொன்ன தோட்டங்கள் நிறைய.

ஆக, தோட்டத்தில் கோடு கிழிக்கப்பட்ட இடம் மேசைக்கும் மனிதர்களுக்கும் நடுவில் இல்லை. சட்டம் அங்கீகரித்த தாள் வைத்திருந்தவருக்கும் இல்லாதவருக்கும் நடுவில்தான் கோடு விழுந்தது. டிரெசர் கோட்டுக்கு மேலே. ஆயா கோட்டுக்குக் கீழே. இரண்டு பேர் செய்ததும் மனிதர்களைப் பார்க்கும் வேலைதான்!

அந்தக் கோடு இன்னும் அழியவில்லை. தோட்டத்தின் பெயர்ப்பலகைதான் மாறிக்கொண்டிருக்கிறது. கோல்டன் ஹோப் என்றிருந்தது 2007 இணைப்பில் சைம் டார்பி ஆனது; 2024-ல் எஸ்.டி. கத்ரி ஆனது. லயங்களில் இன்று வெளிநாட்டுத் தொழிலாளர்கள் பெருமளவில் இருக்கிறார்கள். நம் குடும்பங்கள் பாலத்தைத் தாண்டி தெலுக் பங்லிமா காராங், பந்திங், கிள்ளான் என்று சிதறின. போன இடத்தில் என்ன வேலை? ஆண்களுக்கு லோரி, பாதுகாவலர், துறைமுகக் கூலி. பெண்களுக்குத் தொழிற்சாலை, அது இல்லையென்றால் பாலர்பள்ளியில் உதவியாளர், முதியோர் இல்லத்தில் குளிப்பாட்டி ஊட்டிவிடும் வேலை, தனியார் மருத்துவமனையில் துப்புரவு.

அதாவது நம் பெண்களில் ஏராளமானோர் ஏற்கெனவே மனிதர்களைப் பார்க்கும் வேலையில்தான் இருக்கிறார்கள். தாள் இல்லாமல் இருக்கிறார்கள். ஆயாக் கொட்டகை பட்டணத்துக்கு இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். குறைந்தபட்சச் சம்பளம் 2013-ல் 900 ரிங்கிட்டாக இருந்து 2025 பிப்ரவரியில் 1,700 ரிங்கிட்டுக்கு வந்துவிட்டது. பத்து வருடம் அனுபவம் உள்ளவருக்கும் நேற்று சேர்ந்தவருக்கும் அதே 1,700 என்றால், அந்தப் பத்து வருடத்துக்கு என்ன விலை?

இப்போது கூடாரத்துக்குத் திரும்புவோம். அங்கே நாற்பது வயது அக்காவின் கையில் எந்த விளம்பரத் தாளைத் திணிக்கிறார்கள்? பெரும்பாலும் "வணிக நிர்வாகம்", "மேலாண்மை", "மனிதவளம்". ஏன் தெரியுமா? இந்தப் படிப்புகளை நடத்த ஓர் அறையும் நாற்பது நாற்காலியும் ஒரு விரிவுரையாளரும் போதும். தாதியர் படிப்பு நடத்த வேண்டுமென்றால் ஆய்வுக்கூடம் வேண்டும், பயிற்சிக்கு மருத்துவமனை இடம் கொடுக்க வேண்டும், தாதியர் வாரியம் வந்து பார்த்து ஒப்புதல் தர வேண்டும். செலவும் தலைவலியும் அதிகம். எது சுலபமாக விற்குமோ அதைத்தானே வியாபாரி முதலில் எடுத்து வைப்பான்? அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. வாங்குகிறவர் விவரம் தெரிந்து வாங்க வேண்டும்.

பெரியவர்கள் படிப்பதற்கான வழி முன்பைவிட அகலமாகியிருக்கிறது என்பது உண்மை. மலேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2000-லும், பினாங்கில் வவாசான் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2006-லும் வந்தன. அதன்பிறகு ஏப்பல் முறை வந்தது. வேலை அனுபவத்தையே தகுதியாகக் கணக்கில் எடுத்து, சான்றிதழ் படிப்புக்கு 19 வயதும், டிப்ளோமாவுக்கு 20 வயதும், பட்டப்படிப்புக்கு 21 வயதும் தாண்டியவர்களை மதிப்பீடு செய்து சேர்த்துக்கொள்ளும் முறை. எஸ்.பி.எம்.மில் சறுக்கியவர்களுக்கு இது ஒரு வரம்தான். சந்தேகமில்லை.

ஆனால் இந்த வரம் எந்தக் கதவைத் திறக்கிறது என்று பார்க்க வேண்டும். மேலாண்மைக் கதவைத் தாராளமாகத் திறக்கும். தாதியர் தொழில் போல வாரியமும் பதிவேடும் உள்ள தொழில்களில், ஏப்பல் மட்டும் கையில் இருந்தால் போதாது. அந்த வாரியம் கேட்கும் எஸ்.பி.எம். தேர்ச்சியும் வேண்டும். தாதியர் டிப்ளோமாவுக்கு மலாய், கணிதம், அறிவியல் உள்பட 5 கிரெடிட் என்பது வெகுகாலமாகச் சொல்லப்பட்ட அளவுகோல். இதில் அவ்வப்போது மாற்றம் வருவதால், சேரும் ஆண்டில் தாதியர் வாரியத்திடமே நேரில் கேட்டுக்கொள்வது நல்லது. கல்லூரி முகவர் சொல்வதை வைத்து முடிவு செய்யக் கூடாது.

இதனால்தான் நம்மவர்களில் பலர், தாதியாக ஆசைப்பட்டு, கிரெடிட் போதாமல், கடைசியில் மேலாண்மை டிப்ளோமாவில் போய் விழுகிறார்கள். தேர்ந்தெடுத்து விழவில்லை. அந்தக் கதவுதான் திறந்திருந்தது. மூன்று நான்கு வருடம் வார இறுதியெல்லாம் படித்து, கடன் வாங்கி, கடைசியில் கிள்ளான் துறைமுகத்தில் ஒரு ஃபார்வர்டிங் கம்பெனியில் அதே கே1, கே2 பாரங்களை நிரப்பும் குமாஸ்தா வேலை. படிப்பதற்கு முன்பும் அதே வேலைதான்! முதலாளிக்கு அந்த டிப்ளோமா தேவைப்படவில்லை. அதனால் அதற்குச் சம்பளமும் தரவில்லை. அந்தப் பாரங்களும் எப்போதோ கணினிக்குப் போய்விட்டன. முன்பு ஐந்து பேர் பார்த்த வேலையை இன்று இரண்டு பேர் பார்க்கிறார்கள்.

மேசை வேலையே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. மேசையிலும் தாள் உள்ள மேசை, தாள் இல்லாத மேசை என்று இரண்டு வகை இருக்கிறது. எல்.சி.சி.ஐ. கணக்குப் படித்து, படிப்படியாகக் கணக்காளர் தேர்வுகளை முடிப்பவருக்கு ஒவ்வொரு படியிலும் சந்தையில் விலை உண்டு. கம்பெனி செயலாளருக்கு உரிமம் உண்டு. ஃபார்வர்டிங்கில் பத்து வருடம் ஓட்டியவர், சுங்க முகவர் பயிற்சியை முடித்தால் அந்தத் தேர்ச்சி கம்பெனிக்கே தேவைப்படும் ஒன்று. கேரி தீவில் புதிய துறைமுகம் என்று 2017-ல் பெரிதாகப் பேச்சு எழுந்ததே, அப்படி ஒன்று நாளைக்கு வந்தாலும் இந்தத் தாள் வைத்திருப்பவர்தான் முன்வரிசையில் நிற்பார். "மேலாண்மை" என்று பொதுவாகப் படித்தவர் இல்லை.

சரி, மனிதர்களைப் பார்க்கும் தொழிலுக்குப் போனால் கண்ணை மூடிக்கொண்டு பிழைத்துவிடலாமா? அதுவும் இல்லை. 2000-ஆம் ஆண்டுகளில் தனியார் தாதியர் கல்லூரிகள் காளான் போல முளைத்ததை மறந்துவிட்டோமா? "தாதிக்கு உலகமெல்லாம் வேலை" என்று சொல்லிச் சேர்த்தார்கள். தோட்டத்துப் பெற்றோர் நகையை அடகு வைத்தும், பி.டி.பி.டி.என். கடன் எடுத்தும் பெண் பிள்ளைகளை அனுப்பினார்கள். 2010-ஐ ஒட்டிய வருடங்களில் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் டிப்ளோமாவோடு வீட்டில் உட்கார்ந்தார்கள். மருத்துவமனைகள் அனுபவம் கேட்டன. கல்லூரிகள் போதுமான மருத்துவமனைப் பயிற்சி தரவில்லை. தேவைக்கு மேல் ஆட்களைச் சேர்த்துவிட்டிருந்தார்கள். வெள்ளைச் சீருடையை மடித்து வைத்துவிட்டு பேரங்காடியில் பணம் வாங்கும் இடத்தில் நின்ற பிள்ளைகள் உண்டு. பிறகு காற்று திசை மாறியது. இப்போது தாதிகள் போதவில்லை என்று மருத்துவமனைகள் அலைகின்றன. அனுபவசாலிகள் சிங்கப்பூருக்கும் சவூதிக்கும் போகிறார்கள். தொழில் அதேதான். எந்த வருடத்தில், எந்தக் கல்லூரியில், எந்தப் பயிற்சியோடு வெளியே வந்தார்கள் என்பதில்தான் வாழ்க்கை மாறிப்போனது.

பெரியவர்களுக்கு இந்தத் தொழில்களில் இன்னொரு தடை வயது. தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஆக வேண்டும் என்ற கனவு நம்மில் யாருக்குத்தான் இல்லை? 1957-ல் 888 ஆக இருந்த தமிழ்ப்பள்ளிகள் இன்று ஐந்நூற்றுச் சொச்சம். பள்ளி முடித்தவுடன் சேரும் ஆசிரியர் பட்டப் பயிற்சிக்கு வயது எல்லை 20. பட்டதாரிகளுக்கான பயிற்சிக்கும் வயது வரம்பு உண்டு. நாற்பது வயதில் "டீச்சராகலாம்" என்று யாராவது ஆசை காட்டினால், எந்த வழியாக என்று எழுத்தில் கேளுங்கள். ஆலோசகர் தொழிலும் அப்படித்தான். 1998-ஆம் ஆண்டின் ஆலோசகர் சட்டப்படி பதிவு பெற்றவர்தான் அந்தப் பெயரில் தொழில் செய்யலாம். மூன்று மாத வகுப்பு முடித்துச் சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டினால் ஆலோசகராகிவிட முடியாது.

இவ்வளவு தடைகளைச் சொன்னபிறகும், இரண்டு வழிகளைப் பற்றி நம் மக்கள் போதுமான அளவு பேசுவதில்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

ஒன்று, எஸ்.பி.எம்.மையே மறுபடி எழுதுவது. தனித் தேர்வராக எழுத உச்ச வயது கிடையாது. மொத்தப் பாடத்தையும் எழுத வேண்டியதில்லை. விழுந்த பாடத்தை, கிரெடிட் இல்லாத பாடத்தை மட்டும் எழுதலாம். மலாயும் கணிதமும் மட்டும் மறித்துக்கொண்டு நிற்பவர்கள் நம்மில் எத்தனை பேர்! பத்தாயிரம் வெள்ளி டிப்ளோமாவுக்கு முன்பணம் கட்டுவதற்கு முன், ஒரு வருடம் இந்த இரண்டு பாடத்தோடு மல்லுக்கட்டிப் பார்ப்பது எவ்வளவோ மலிவு. "பிள்ளையோடு சேர்ந்து பரீட்சை எழுதுவதா, வெட்கமாக இருக்கிறது" என்பார்கள். பிள்ளைக்கே அதில் வெட்கம் இருக்காது. இருவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து கணக்குப் போடட்டுமே.

இரண்டாவது, ஏற்கெனவே செய்துகொண்டிருக்கும் வேலைக்குத் தாள் வாங்குவது. திறன் மேம்பாட்டு இலாகா கொடுக்கும் எஸ்.கே.எம். சான்றிதழை வகுப்பில் போய் உட்கார்ந்துதான் வாங்க வேண்டும் என்பதில்லை. பி.பி.டி. என்றொரு முறை இருக்கிறது. இத்தனை வருடம் என்ன வேலை செய்தீர்கள், எப்படிச் செய்தீர்கள் என்பதைச் சான்றுகளோடு ஒரு கோப்பாகத் தொகுத்துக் கொடுத்தால், மதிப்பீட்டாளர் வந்து பார்த்துச் சான்றிதழுக்குப் பரிந்துரைப்பார். குழந்தைப் பராமரிப்புக்கு இந்த வழி உண்டு, முதியோர் பராமரிப்புக்கும் உண்டு. குழந்தைக் காப்பகங்களுக்கு 1984-லேயே சட்டம் வந்துவிட்டது. பராமரிப்பு இல்லங்களுக்கு 1993-ல் வந்தது. பதிவுள்ள இடங்களில் பயிற்சி பெற்றவர்களைக் கேட்கிறார்கள். பத்து வருடம் பிள்ளைகளைப் பார்த்த அக்கா ஏன் இன்னும் "உதவியாளர்" என்ற பெயரிலேயே இருக்க வேண்டும்? நிலை 3 வாங்கினால் அதன்மேல் டிப்ளோமா நிலைக்கும் போகலாம். மலேசியக் கல்விப் பெருந்திட்டம் 2013-லேயே பாலர்பள்ளி ஆசிரியர்களுக்குக் குறைந்தது டிப்ளோமா வேண்டும் என்று இலக்கு வைத்துவிட்டது. தாள் இல்லாதவர்களுக்கு அந்தத் துறையில் இடம் குறைந்துகொண்டே போகும் என்பதற்கு இதைவிட எச்சரிக்கை வேண்டுமா?

பணக் கணக்கையும் கொஞ்சம் பேச வேண்டும். ஊழியர் சேமநிதியிலிருந்து டிப்ளோமா, பட்டப்படிப்புச் செலவுக்கு எடுக்கலாம். 2024 மே மாதம் வரை இரண்டாம் கணக்கு என்றிருந்தது, இப்போது செஜாத்ரா கணக்கு. எடுக்கலாம் என்பதற்காக எடுத்துவிடக் கூடாது. நாற்பது வயதில் எடுக்கும் பணம் ஐம்பத்தைந்து வயதில் வட்டியோடு இருந்திருக்க வேண்டிய பணம். பதிவோடு முடியும் படிப்பாக இருந்தால் எடுங்கள். வெறும் பட்டமளிப்புப் படம் எடுப்பதில் முடியும் படிப்பாக இருந்தால் தொடாதீர்கள்.

நேரக் கணக்கு அதைவிட முக்கியம். அடிப்படைத் தாதியர் டிப்ளோமா மூன்று வருட முழுநேரப் படிப்பு. வேலையை விட வேண்டும். திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் தாதியர் பட்டம் இருக்கிறதே என்பார்கள். அது ஏற்கெனவே பதிவு பெற்ற தாதிகளுக்கு. படித்து முடித்த பிறகும் காலை 7, மதியம் 2, இரவு 9 என்று முறை மாறும் வேலை. தீவிலிருந்து கிள்ளான் மருத்துவமனையில் ஏழு மணிக்கு நிற்க வேண்டுமென்றால் எத்தனை மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும்? அந்த நேரத்தில் பஸ் ஏது? மோட்டார் ஓட்டத் தெரியாத பெண்ணுக்கு இது படிப்புப் பிரச்சினைக்கு முன்பே போக்குவரத்துப் பிரச்சினை. வீட்டில் யார் சோறு வடிப்பது, யார் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவது என்பதையும் கணவனோடு உட்கார்ந்து பேசாமல் பாரத்தில் கையெழுத்துப் போடக் கூடாது. அண்ணன்மார்களே, இதைப் படிக்கும்போது பக்கத்தைத் தள்ளிக்கொண்டு போகாதீர்கள். மனைவி படிக்க அனுமதி கொடுத்தேன் என்று பெருமை பேசுவது போதாது. மூன்று வருடம் நீங்களும் அடுப்படியில் நிற்க வேண்டும்.

இனி அந்த "சேவை" என்ற சொல்லுக்கு வருகிறேன். இந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்குச் சற்று எரிச்சல் வரும். மனிதர்களைப் பார்க்கும் வேலையில் யாராவது சம்பள உயர்வு கேட்டால் உடனே "இது சேவையல்லவா" என்று வாயை அடைத்துவிடுகிறார்கள். கிராணியிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லை.

ராசம்மா பூபாலன் அம்மையாரை நினைத்துப் பாருங்கள். இளம் வயதில் நேதாஜியின் ராணி ஜான்சி படையில் சேர்ந்து பர்மா வரை போனவர். பிறகு ஆசிரியை. தொண்டு மனம் அவரிடம் இல்லை என்று யாராவது சொல்ல முடியுமா? அவர்தான் 1960-ல் பெண் ஆசிரியர் சங்கத்தைக் கட்டி எழுப்பி, சம வேலைக்குச் சம ஊதியம் கேட்டார். அன்று அதே வகுப்பில் அதே பாடம் சொன்ன ஆசிரியைக்கு ஆசிரியரைவிடக் குறைந்த சம்பளம். பத்தாண்டுகள் விடாமல் கேட்டுத்தான் 1969-ல் அரசாங்கப் பணியில் பெண்களுக்குச் சம ஊதியம் வந்தது. யாரும் இரக்கப்பட்டுத் தரவில்லை. அவர்கள் கையில் பயிற்சித் தாளும் சங்கமும் இருந்ததால்தான் கேட்க முடிந்தது. ஆயாக் கொட்டகையில் இருந்த அம்மா எதை வைத்துக் கேட்பார்?

இவ்வளவையும் பார்த்த பிறகு நான் எந்தப் பக்கம் என்று கேட்டால், பதிவோடு கூடிய மனிதர்களைப் பார்க்கும் தொழில் பக்கம்தான் சாய்கிறேன். காரணம் புண்ணியம் இல்லை, தேவை. 2019-ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வில், பெரியவர்களில் நீரிழிவு உள்ளவர்கள் நாடு முழுக்க நூற்றுக்கு 18.3, இந்தியர்களில் 31.4. மூன்றில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கிள்ளானில் இரத்தச் சுத்திகரிப்பு மையங்களுக்குப் போய்ப் பாருங்கள், நம் முகங்கள்தான். காலை எடுக்க வேண்டும் என்று டாக்டர் மலாயிலும் ஆங்கிலத்திலும் சொல்கிறார்; தோட்டத்து அப்பாயி தலையாட்டுகிறார். என்ன புரிந்து தலையாட்டினார் என்று யாருக்குத் தெரியும்? அந்த வார்டில் ஒரு தமிழ்த் தாதி இருந்தால் கேள்வியே வேறு. நாடும் வயதாகிக்கொண்டிருக்கிறது. பாரம் நிரப்புவதை இயந்திரம் எடுத்துக்கொள்ளும். படுக்கையில் கிடப்பவரைப் புரட்டிப் படுக்க வைப்பதை அவ்வளவு சீக்கிரம் எடுத்துக்கொள்ளாது.

ஆனால் இந்தத் தேவையை நம் தனி மனிதர்களின் தியாகத்தால் மட்டும் நிரப்பச் சொல்வது நியாயமில்லை. இதில் அரசாங்கத்திடம் கேட்க வேண்டியவை இருக்கின்றன. குடும்பம் நடத்திக்கொண்டே படிக்கும்படி, படிப்புக் காலத்தில் உதவித்தொகையோடு கூடிய தாதியர் பயிற்சி இடங்கள் பெரியவர்களுக்கும் ஒதுக்கப்பட வேண்டும். ஆசிரியர் பயிற்சியின் வயது எல்லையை, பல வருடம் தற்காலிக ஆசிரியராகவும் பாலர்பள்ளி உதவியாளராகவும் இருந்தவர்களுக்காவது தளர்த்த வேண்டும். பி.பி.டி. கோப்பு தயாரிக்க தெலுக் பங்லிமா காராங், பந்திங் போன்ற இடங்களில் தமிழில் விளக்கும் முகாம் வேண்டும். மலாயில் கோப்பு எழுதத் தெரியாததால்தான் பாதி அக்காமார்கள் அந்த வழிக்கே போவதில்லை. இந்தியர் மேம்பாட்டுக்கென்று ஒதுக்கும் பணம் இதற்குப் போகாமல் வேறு எதற்குப் போக வேண்டும்? உங்கள் சட்டமன்ற உறுப்பினர் அடுத்த முறை தீபாவளி அன்பளிப்போடு வரும்போது அரிசி மூட்டையை வாங்கிக்கொண்டு இந்தக் கேள்வியையும் கேளுங்கள்.

இப்போதே சேரப் போகிறவர்களுக்கு. கல்லூரிக்குத் தொலைபேசியில் அழைத்தால் முகவர் கட்டணத்தையும் தவணையையும்தான் முதலில் சொல்வார். நிறுத்தச் சொல்லிவிட்டுக் கேளுங்கள்: இந்தப் படிப்பு முடிந்ததும் எந்த வாரியத்தில், எந்தப் பதிவேட்டில் என் பெயர் ஏறும்? பயிற்சிக்கு எந்த மருத்துவமனை, எந்தப் பள்ளி? போன வருடம் முடித்தவர் ஒருவரோடு பேச முடியுமா? பதில் சுற்றி வளைத்து வந்தால் அடுத்த கூடாரத்துக்குப் போய்விடுங்கள்.

மனிதர்களைப் பார்க்கும் தொழில் உங்களுக்கு ஒத்துவருமா என்பதைக் காசு கட்டாமலே தெரிந்துகொள்ளலாம். உங்கள் ஊரில் இருக்கும் முதியோர் இல்லத்திலோ ஆதரவற்ற பிள்ளைகள் இல்லத்திலோ இரண்டு ஞாயிற்றுக்கிழமை காலை முதல் மாலை வரை உதவிக்கு நின்று பாருங்கள். ஊட்டிவிடுங்கள், துணி மாற்றுங்கள், திட்டு வாங்குங்கள். சிலர் அந்த வாடையைத் தாங்க முடியாமல் மதியமே திரும்பிவிடுவார்கள். அவர்களைக் குறைவாக நினைக்க வேண்டாம். எல்.சி.சி.ஐ. வகுப்பு எங்கே நடக்கிறது என்று அவர்களுக்கு விசாரித்துச் சொல்லுங்கள்.